மழை நேரத்தில் காட்டில் அகப்பட்டுக்கொண்டால், ஈர விறகை வைத்துத் தீ மூட்டி இரவு முழுவதும் அணையாமல் காக்க முடியுமா?

முடியும். நீங்கள் முதன்முறையாக மலையேறப் போகிறீர்கள் என்றும், பையில் ஒரு லைட்டர் இருந்தால் போதும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எண்ணிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அனுமதியின்றிக் காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்பதை அறிவேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் மறக்கவில்லை. குளிரில் விறைத்து உயிர் போகும் நிலை வந்தால் என்ன செய்வது என்பதை மட்டுமே இங்கே பேசுகிறேன்.

2009 நவம்பரில் நீலகிரியில் அடுத்தடுத்து மண் சரிந்த அந்த வாரத்தில், கோத்தகிரிப் பக்கம் சாலை துண்டிக்கப்பட்டிருந்ததால், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவருடன் சோலை ஓரக் குறுக்குப் பாதையில் உறவினர் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் பாதையே சரிந்து கிடந்தது, திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. முன்பக்கம் திறந்திருந்த ஒரு பாறையின் அடியில் ஒதுங்கினோம். நடுக்கம் தாங்காமல் அவருடைய தீப்பெட்டியை வாங்கி, கைக்கு அகப்பட்ட சருகைக் குவித்து, குச்சிகளைக் கிழிக்கத் தொடங்கினேன். இருந்த 14 குச்சிகளில் 9 வீணாயின. குச்சிகள் காய்ந்துதான் இருந்தன. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டை என் ஈர விரல் பட்டு ஊறிவிட்டிருந்தது. குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். அதைப் பற்றவைக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் பட்டையில்தான் இருக்கிறது என்பதால், பட்டை நனைந்தால் பெட்டி நிறையக் குச்சி இருந்தும் பயனில்லை.

“தம்பி, குச்சியக் கிழிக்கிறது கடைசி வேலை. முதல்ல விறகப் பாருங்க” என்று சொல்லி, பெட்டியை வாங்கி, நெஞ்சோடு ஒட்டியிருந்த உள்சட்டைக்குள் செருகிக்கொண்டார். பிறகு தரையில் கிடந்த எதையும் தொடாமல், சீகை மரத்தில் பட்டுப்போய்த் தொங்கிய கிளைகளை மட்டும் ஒடித்தார். படக்கென்று முறிந்ததை வைத்துக்கொண்டு, வளைந்ததை எறிந்தார். கவ்வாத்துக் கத்தியால் அவற்றை நீளவாக்கில் பிளந்தபோது, மேலே சொட்டச் சொட்ட நனைந்திருந்த கிளையின் வயிறு வெளுத்து, உலர்ந்து இருந்ததைத் தடவிப் பார்த்து வியந்தேன். அந்த உள்மரத்தைக் காகிதம் போல மெல்லிய சீவல்களாகச் சீவி, விரல் கனச் சுள்ளி ஒரு குவியல், மணிக்கட்டுக் கன விறகு ஒரு குவியல் என்று பிரித்து வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஈரத் தரை சூட்டை உறிஞ்சிவிடும் என்று கீழே கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் சீவலை வைத்தார். இரண்டாவது குச்சியில் தீ பிடித்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பள்ளி முகாமில் விறகின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, அதற்குக் கைதட்டவும் வைத்தார்கள். சுள்ளி பொறுக்கக்கூடக் கற்றுத்தராத அந்த முகாமின் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

தீயைக் காப்பது தனி வேலை. சிறு தீயின் மேல் பெரிய கட்டையைப் போட்டால் காற்றுப் புகாமல் புகைந்து அணைந்துவிடும். முந்தைய கட்டை நன்றாகப் பிடித்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். அடுத்த வேளைக்கான ஈர விறகைத் தீயைச் சுற்றி அடுக்கி வைத்தால், அந்தச் சூட்டிலேயே உலரும். ஓடைக் கற்களை அடுப்பாக வைக்காதீர்கள்; உள்ளே நீர் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ தணலை எடுத்துச் செல்லவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூங்குபவர் எழுந்திருக்கமாட்டார். எங்கள் பாறை திறந்திருந்ததால்தான் நெருப்பருகே படுக்கத் துணிந்தோம்.

பின்னிரவில் விறகு குறைந்தபோது, அவர் பெரிய கங்குகளை ஒன்றுசேர்த்துச் சாம்பலால் மூடினார். விடியலில் அதைக் கிளறி, நான்கு சுள்ளியை வைத்து ஊதியதும், குச்சி கிழிக்காமலே தீ எழுந்தது. புறப்படும் முன் பிளாஸ்டிக் பையில் நீர் மொண்டு மூன்று முறை ஊற்றிக் கிளறி, சாம்பலில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, மீதி 3 குச்சிகளோடு தீப்பெட்டியை மறுபடியும் உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.