ஷீட்டில் பொத்தல் இல்லை, ஆனாலும் குடோன் ஒழுகுகிறது

கேள்வி: பல்லடம் பக்கத்தில் ஒரு குடோனில் 12 தறி ஓட்டுகிறேன். போன வாரம் சாயங்காலம் காற்றோடு ஆலங்கட்டி மழை கொட்டியதில் சிமெண்ட் ஷீட் நாலு இடத்தில் உடைந்துவிட்டது. இரண்டு பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) நனைந்துவிட்டது. பொத்தல் இல்லாத இடத்திலும் ஒழுகியதுதான் புரியவில்லை. எம்சீல் வைத்தால் போதுமா? இன்சூரன்ஸ் வருமா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படத்தில் இரண்டு கூரையும் சேரும் இடத்தில் தகரக் கால்வாய் தெரிகிறது. எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஷீட்டில் விழும் கட்டியெல்லாம் உருண்டு அதில்தான் சேரும். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை ஐஸ் அடைத்துக்கொண்டால், பின்னால் வரும் மழைத்தண்ணீர் கால்வாய் நிறைந்து உள்பக்கம் வழியும். நீங்கள் போய்ப் பார்ப்பதற்குள் ஐஸ் கரைந்திருக்கும், கால்வாய் சுத்தமாக இருக்கும். திருடன் தடயமே வைக்காமல் போய்விடுவான். கால்வாயின் வெளிக்கோடியில், உள்விளிம்பைவிட இரண்டு அங்குலம் தாழ்வாக ஒரு வெட்டு விடச் சொல்லுங்கள். அடுத்த முறை அடைத்தாலும் தண்ணீர் வெளியேதான் வழியும்.

இன்னொன்று மயிர்க்கோட்டு விரிசல். அடி மேலே விழும், விரிசல் அடிப்பக்கம் விடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்த மழை விட்டதும் தறியை நிறுத்திவிட்டு, உள்ளே நின்று அண்ணாந்து டார்ச் அடியுங்கள். ஈரம் ஊறிய கருங்கோடுகள் தெரியும். எத்தனையாவது தறிக்கு மேலே என்று எழுதிக்கொள்ளுங்கள். எம்சீல் போல்ட் துளைக்குச் சரி. விரிசல் விட்ட ஷீட்டை மாற்றத்தான் வேண்டும்.

மாற்ற ஏறுகிறவர் ஷீட்டில் நேராகக் கால் வைக்கக் கூடாது. போல்ட் வரிசை போகிற இடத்தில்தான் கீழே இரும்புச் சட்டம் இருக்கும். சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு, அதன்மேல்தான் நடக்க வேண்டும், இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டிக்கொண்டு. "நான் இருபது வருஷமா ஏறறேனுங்க" என்பவரை ஏற்றவே வேண்டாம். சிமெண்ட் ஷீட்டில் பெரும்பாலும் கல்நார் இருக்கும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ்தான் அது. துண்டுகளைத் தண்ணீர் தெளித்து எடுங்கள். துடைப்பத்தால் கூட்டுவதும், பஞ்சு போக்குவதுபோல தறிமேல் கம்ப்ரசர் காற்று அடிப்பதும் நாரைக் குடோன் முழுக்கப் பரப்பிவிடும். முகத்தில் துண்டு கட்டினால் அது நிற்காது.

புதிதாகப் போடுவது கால்வால்யூம் ஷீட்டாக (அலுமினியமும் துத்தநாகமும் பூசிய இரும்புத் தகடு) இருக்கட்டும். ஆலங்கட்டிக்கு நெளியும், உடையாது. சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பாகும் என்பதால் காற்றில் சுழலும் வென்டிலேட்டரும் சேர்த்துப் போடுங்கள்.

தறி மோட்டாரும் நனைந்திருந்தால், ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டாதீர்கள். எலக்ட்ரீஷியன் மெக்கர் (மின்கசிவுக்கு எதிரான காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயவைத்த பிறகுதான் சப்ளை.

பாவு விஷயம் சங்கடமானது. நனைந்தால் கஞ்சி இளகி இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் அறுந்துகொண்டே இருக்கும், மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஃபேன் காற்று படும்படி வையுங்கள், ஆனால் அதற்கு முன் பாவு கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள். காயவைப்பதா கழிப்பதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நூல் அவருடையது.

இன்சூரன்ஸிலும் இதே முடிச்சுதான். ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி இருக்கிறது. புயற்காற்றும் வெள்ளமும் அதில் அடக்கம். உங்களுடையது வேறு பாலிசி என்றால் இவை சேர்ந்திருக்கிறதா, ஆலங்கட்டி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆனால் கூலிக்கு நெய்கிறவருக்குப் பாவும் ஊடையும் (குறுக்கு நூல்) அடுத்தவர் சரக்கு. 'பொறுப்பில் வைத்துள்ள சரக்கு' என்று தனியாக எழுதி வாங்கியிருக்காவிட்டால், ஷீட்டுக்கும் தறிக்கும் பணம் வந்தாலும் நூலுக்கு வராது. இன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை உடைந்த ஷீட்டைக் கழற்றாமல் படம் எடுத்துவிட்டு, மேலே தார்ப்பாய் போட்டுக்கொள்ளலாம். நஷ்டம் கூடாமல் தடுப்பது உங்கள் கடமைதான், தப்பே இல்லை.

அப்புறம், பங்குனியிலிருந்து வைகாசி வரை மதியத்துக்கு மேல் வாசலில் ஒரு கண் இருக்கட்டும். தறிச் சத்தத்தில் முதல் கல் விழுவது காதில் விழாது. இரண்டரை சென்டிமீட்டர் கட்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இறங்கும், அந்த நேரத்தில் பைக்கை நனையாமல் நிறுத்த யாரும் வெளியே ஓட வேண்டாம். உள்ளேயும் வெளிச்சத்துக்காகப் போட்ட ஃபைபர் ஷீட்டுக்கு அடியில் ஆள் நிற்கக் கூடாது. வெயிலில் வெந்து நொறுங்கிக் கிடப்பதால் முதலில் உடைவது அதுதான்.