மென்பவளத்தை மீன் தின்னுமா?

அன்புள்ள ஐயா,

லிங்கி ஆற்று முகத்துவாரத்து இறால் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஊர் ரந்தாவ். மாமாவோடு போர்ட்டிக்சன் பாறையோரத்தில் தூண்டில் போட்டபோது கொக்கியில் ஏதோ மாட்டி வந்தது. அழுத்தினால் உறைந்த ரப்பர் கட்டிப்பால் போல மெத்தென்று அமுங்கியது. பக்கத்தில் இருந்தவர் மென்பவளம் என்றார். மாமாவோ, “கல்லில் வளரும் பாசிதான், சுரண்டிப் போட்டால் மீன் நிறைய வரும்” என்கிறார். மீன் இதைத் தின்னுமா? முகத்துவாரத்துக்கு இதனால் என்ன பயன்?

ஒரு வாசகர், ரந்தாவ்

அன்புள்ள தம்பி,

அது பாசி இல்லை, பிராணி. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் ஒரே சதையில் ஒட்டி வாழ்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கைகள், ஒவ்வொரு கையின் இரு ஓரத்திலும் பொடிப்பொடியாகக் கிளைகள். தொட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்த துண்டைத் தேய்த்தால் விரலிடையே நறநறக்கும். கல்பவளத்துக்கு உள்ள கெட்டியான எலும்பு இதற்குக் கிடையாது, சதைக்குள் சுண்ணாம்புத் துகள்கள் மட்டுமே.

மீன் தின்னுமா? சில வண்ணத்துப்பூச்சி மீன்கள் தின்னும். சில சோழிகளும் கடல் நத்தைகளும் இதையே நம்பிப் பிழைக்கின்றன. மற்றவை பெரும்பாலும் வாய் வைக்காது, சதையில் அத்தனை கசப்பு ரசாயனம். அதனால் இதன் பயனை வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

பேராக்கில் மாத்தாங் சதுப்புக்காட்டுப் பக்கம் நடந்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் அதில் இருந்தார்கள். கரையை விட்டு வெளியே போன இறால்களுக்குப் பாக்காவ் என்னும் சதுப்பு மரத்தின் இலைச் சத்தைவிட, நீரில் மிதக்கும் நுண்பாசியும் சேற்றின் மேல் படரும் நுண்பாசியும்தான் முக்கியச் சாப்பாடு என்று அதில் தெரிந்தது. அந்த மிதக்கும் பாசியை மென்பவளங்களில் சிலவும் பிடித்துத் தின்னும். செங்கடல் இனம் ஒன்றில் இதுவும் அதே 1995இல்தான் உறுதியானது. ஓடுகிற நீரில் போவதை மென்பவளம் பிடித்து நிறுத்துகிறது, அதன் கழிவும் சளியும் கீழே விழுந்து புழுவுக்கும் நண்டுக்கும் சேர்கின்றன. மேல்நீரின் சத்து தரைக்கு இறங்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் ஆற்றுக்குள்ளே போய்த் தேடாதீர்கள். உப்பு ரொம்பக் குறைந்தால் தாங்காது. முகத்துவாரத்தின் வெளிப்பக்கம், பிடித்துக்கொள்ளக் கல் கிடைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வளரும். சேற்றுத் தரையில் நிற்பது இதன் உறவான கடல்பேனா.

பெரிய பயன் இன்னொன்று உண்டு, குஞ்சுகளுக்கு மறைவிடம். ஆஸ்திரேலியாவில் போர்ட் ஸ்டீபன்ஸ் முகத்துவாரத்தில் காலிஃபிளவர் மென்பவளம் என்று ஓர் இனம். அதற்குள்தான் ஸ்னாப்பர் மீன் குஞ்சுகளும் கடல்குதிரைகளும் ஒதுங்கும். 2011க்கும் 2019க்கும் இடையில் அதன் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. நகரும் மணல் மூடியது ஒரு முக்கியக் காரணம். மிஞ்சியதையும் 2021 மார்ச் வெள்ளம் ஏறக்குறைய துடைத்துவிட்டது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு நம் ஆற்றை நினைத்துத்தான் பதைக்கிறது. தோட்டத்தில் பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும் வருடங்களில் மண் திறந்து கிடக்கும். அடைமழை பெய்தால் அந்த மண் எங்கே போகும்? வாய்க்கால், ஆறு, முகத்துவாரம். மேலே சேறு படிந்தால் மென்பவளம் கைகளைச் சுருக்கிக்கொள்ளும், சுருக்கி இருக்கும்வரை இரை பிடிக்க முடியாது. மூடுபயிரை உடனே போட்டு, ஆற்றோரத்து மரங்களை வெட்டாமல் விட்டாலே மண் பெருமளவு நிற்கும். இது தோட்டத்தில் வேலை செய்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம், செய்யத்தான் வேண்டும்.

சரி, மாமாவின் யோசனைக்கு வருகிறேன். சுரண்டவே வேண்டாம். சுரண்டினால் குஞ்சு ஒதுங்கும் இடம்தான் போகும். அடுத்த முறை கொக்கியில் வந்தால் பிய்த்து இழுக்காமல் மெதுவாகக் கழற்றி, காயவிடாமல் உடனே எடுத்த பாறை இடுக்கிலேயே போடுங்கள். சேற்றில் போட வேண்டாம். பல இனங்கள் துண்டானாலும் கல் கிடைத்தால் மறுபடி ஒட்டிக்கொண்டு வளரும்.