பென்ஷனுக்கு இனிஷியல் தடையா?

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். 1995-இல் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 1999-இல் நிரந்தரமானேன். அடுத்த ஆண்டு ஓய்வு. பிறந்ததும் படித்ததும் பாறசாலை. கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் பெயருக்குப் பின்னால் வீட்டுப்பெயரின் எழுத்து இருக்கிறது. எஸ்.ஆரில் அப்பாவின் இனிஷியல். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் கணவரின் இனிஷியல். “இப்படி இருந்தால் பென்ஷன் வராது, எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன்” என்று ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் பென்ஷனைக் கணக்கிடுவது எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டை வைத்து. பள்ளிப் புத்தகத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோதே அதைப் பார்த்து, பிறந்த தேதியை எஸ்.ஆரின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். எல்லைப்புறத்தில் இனிஷியல் ஒத்துப்போகாத குடும்பம் உங்களுடையது மட்டுமல்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. வீட்டுப்பெயர் வைக்கும் வழக்கம் அதனால் நின்றுவிடவில்லை. அலுவலகத்தில் யாராவது கேட்டால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸிலேயே ‘ஒரே நபர்’ சான்று தருகிறார்கள். பாறசாலையில் அண்ணனோ தம்பியோ இருந்தால் அதையும் வாங்கிச் சேர்த்துவிடலாம்.

ஆதாரையும் பாஸ்புக்கையும் மட்டும் எஸ்.ஆருக்கு ஒத்துப்போகிற மாதிரி மாற்றுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் ஒரு பெயர் இருக்கிறது என்று, கெஜட்டில் போட்டு எஸ்.ஆரை மாற்றப் போவார்கள். அதற்கு நியமன அலுவலரின் ஆணை வேண்டும். கோப்பு மாவட்ட அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் உங்கள் ஓய்வு நாள் வந்துவிடும். முதலில் ஆதார். அரசு தந்த, படம் போட்ட பணி அடையாள அட்டை கையில் இருக்குமே, அதைக் கொண்டுபோங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும் என்பதால் மையத்தில் தட்டச்சு செய்ததை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள். அப்புறம் பான் கார்டு, அதற்கடுத்து பேங்க்.

இனி அந்த 18,000 ரூபாய் ஆசாமி. இவர்களைப் பல வருடம் பார்த்தவன் நான். கருவூல வாசலிலும் டீக்கடையிலும் நிற்பார்கள், “ஏ.ஜி. ஆபீஸில் நம்ம ஆள் இருக்கான்” என்பார்கள். ஏ.ஜி. ஆபீஸ் என்கிற மாநிலக் கணக்காயர் அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. மத்திய அரசின் தணிக்கைத் துறையைச் சேர்ந்தது. உங்களுக்குப் பென்ஷன் கேட்டு அனுப்பும் கோப்பு, அதாவது கருத்துரு, அங்கே போவது உங்கள் அலுவலகம் வழியாகத்தான். நடுவில் இவர் கைவைக்க இடமே இல்லை. கெஜட்டில் பெயர் மாற்றுவதற்கு அரசு வாங்குவதே சில நூறு ரூபாய்தான். மீதிப் பணம் எதற்கு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து, ஓ.டி.பி., பாஸ்புக் நகல் இதில் எதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஓய்வு பெறப்போகிறவர் கையில் பெரிய தொகை வரப்போகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்குக் கவலை. எஸ்.ஆரை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஆண்டுக்கொரு முறை ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. நான் பார்த்த எஸ்.ஆர்களில் பாதிக்கு மேல், 20 வருடக் கையெழுத்தை ஒரே பேனாவில் ஒரே மதியத்தில் வாங்கியிருப்பார்கள். ஏ.ஜி. அலுவலகம் கருத்துருவைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இனிஷியலுக்காக இல்லை. ‘பணிச் சரிபார்ப்பு’ என்று ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும். சம்பளப் பட்டியலைப் பார்த்து, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இவர் வேலை பார்த்தார் என்று எழுதுவது. நீங்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறிய வருடத்தில் அது விட்டுப்போயிருக்கும். பழைய அலுவலகத்தில் அந்த வருடத்துப் பட்டியலைக் கரையான் தின்றிருக்கும். அதைத் தேடிப்பிடிக்க ஆறு மாதம்கூட ஆகலாம். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டோம் என்கிறார்கள். உண்மைதான், பழைய ஓட்டைகளையும் சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள்.

உங்களை முறைப்படி நிரந்தரப் பணியில் சேர்த்த பணி வரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஊதியமில்லா விடுப்பு இருந்தால் அதன் ஆணை எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 01.04.2003-க்கு முன் நிரந்தரமானவர்களுக்கு, அதற்கு முந்தைய தொகுப்பூதியக் காலத்தில் பாதி ஓய்வூதியத்துக்குச் சேரும். நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்கள். முழுப் பென்ஷனுக்கு 30 ஆண்டு வேண்டும். 1999-இலிருந்து எண்ணினால் உங்களுக்கு 30 வராது. அதனால் அந்த நான்கு வருடத்தில் பாதியை அவர்களாகவே சேர்ப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

பிறந்த தேதியை மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும், இப்போது முடியாது.

இனிஷியலைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்றேன். ஆனால் உங்கள் கணவரின் பெயரில் அப்படி விட்டுவிட முடியாது. குடும்ப ஓய்வூதியத்துக்காகக் குடும்ப விவரம் எழுதிக் கொடுப்பீர்கள். அதில் கணவர் பெயரை வீட்டில் கூப்பிடுகிற பெயரில் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருமணத்துக்கு முன் அப்பா, அம்மா பெயரில் கொடுத்த வாரிசு நியமனத்தை அப்படியே விட்டவர்களும் உண்டு. உங்கள் பெயரில் பிழை இருந்தால் நீங்களே நேரில் போய் நிற்கலாம். உங்களுக்குப் பின் அவர் போய் நிற்கும்போது, “இதில் எழுதியிருப்பது நான்தான்” என்று சொல்ல உங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எழுபது வயதில், கேரள ரேஷன் கார்டு ஒரு பெயரில், தமிழ்நாட்டு ஆதார் இன்னொரு பெயரில் என்று வைத்துக்கொண்டு, கருவூலத்துக்கும் தாலுகா ஆபீஸுக்குமாக அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். மனைவியின் குடும்ப ஓய்வூதியம் கைக்கு வர அவருக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால் கணவரின் ஆதாரில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் அப்படியே பார்த்து எழுதுங்கள். சேர்ந்து எடுத்த புகைப்படத்தில் அலுவலகத் தலைவரின் சான்றொப்பம் வாங்குங்கள். பழைய வாரிசு நியமனத்தை ரத்து செய்து புதிதாகக் கொடுங்கள்.

நேரம் இருக்கிறது. பாறசாலையில் உங்களோடு படித்து அங்கேயே அரசு வேலையில் சேர்ந்தவர்கள் 56-இல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே 2021 முதல் 60. எஸ்.ஆரைப் பார்க்க வேண்டும் என்று இந்த வாரமே வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில் இருப்பவர் “அப்புறம் பார்க்கலாம் சிஸ்டர்” என்பார். விடாதீர்கள். எஸ்.ஆரின் சான்றொப்பமிட்ட நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். இதற்கு மேலும் ஓய்வு நாளுக்குள் பென்ஷன் ஆணை வராவிட்டால், தற்காலிக ஓய்வூதியம் வழங்க விதியில் இடம் இருக்கிறது. அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.