லெனாப்பே மக்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: படங்களில் கூம்புக் கூடாரமும் பிர்ச் பட்டைப் படகும் வருகின்றனவே, லெனாப்பேக்களுடையதும் அதுதானா?

பதில்: இரண்டும் இல்லை. கூம்புக் கூடாரம் மேற்கே சமவெளி மக்களுடையது. லெனாப்பேக்கள் வட அமெரிக்கப் பழங்குடியினர்; அவர்கள் நாடு டெலவேர் ஆற்றின் இரு கரை: இன்றைய நியூ ஜெர்சி, கிழக்குப் பென்சில்வேனியா, நியூயார்க்கின் தென்கோடி, டெலவேர் மாநிலத்தின் வடபகுதி. இளமரக் கம்புகளை வட்டமாக நட்டு, உச்சியை வளைத்துக் கட்டி, மரப்பட்டை போர்த்திய விக்வாமில் குடியிருந்தார்கள். படகுக்கு ஏற்ற பெரிய பிர்ச் மரம் வடக்கேதான் வளரும். இவர்கள் டூலிப் மரத்தைக் குடைந்து ஓடம் செய்தார்கள்.

கேள்வி: இரும்புக் கருவி இல்லாமல் எப்படிக் குடைந்தார்கள் ஐயா?

பதில்: நெருப்பும் சுரண்டலும்தான். அடிமரத்தில் நெருப்பு மூட்டி, அதற்கு மேலே ஈரக் களிமண்ணைப் பட்டையாக அப்பிவிட்டால் தீ மேலேறாது. மரம் சாய்ந்ததும் மேல்முகத்தில் தணலைப் பரப்பி, கரிந்ததைக் கல்லாலும் கிளிஞ்சலாலும் சுரண்டி, மறுபடி தணல் வைப்பார்கள். தணலை ஊதிவிட்டு அப்படியே விட்டுப் போனால் பக்கச் சுவர் ஓட்டையாகிவிடும். அதனால்தான் சுவரின் மேல் விளிம்பிலும் ஈரக் களிமண். குடைந்த ஓடம் வெயிலில் வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும்.

கேள்வி: மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே நாளில் ஒரே குழியில் விதைத்தேன். சோளம் சாய்ந்துவிட்டது. ஏன்?

பதில்: ஒரே நாளில் விதைத்ததுதான் காரணம். அவரைக்கொடி வேகமாக ஓடி, தண்டு தடிக்காத சோளத்தை இழுத்துப் போட்டுவிடும். நாலடி இடைவெளியில் மண்ணை மேடாகக் குவித்து, மேட்டுக்கு நாலு சோள விதை. சோளம் ஒரு சாண் வளர்ந்த பிறகு அவரை. அதற்கு ஒரு வாரம் கழித்துப் பூசணி. பூசணியின் இலை மண்ணை மூடிக் களையை அடக்கும். ஒற்றை வரிசையாக நடாதீர்கள்; மகரந்தம் காற்றில்தான் பரவுகிறது, கூட்டமாக இல்லாவிட்டால் கதிரில் மணி பிடிக்காது.

கேள்வி: சாம்பலில் சோளம் வேகவைப்பது தோல் நீக்கத்தானே?

பதில்: தோல் கழல்வது கண்ணுக்குத் தெரியும் பலன். தெரியாதது, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைப்பது. சோளத்தை வாங்கிக்கொண்டு இந்த முறையை விட்டுவிட்ட ஐரோப்பாவில், அதையே முதன்மை உணவாக உண்ட ஏழைகளுக்கு, நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வந்தது.

ஏறக்குறைய அளவு: காய்ந்த கெட்டிச் சோளம் ஒரு பங்கு, சலித்த கடின மரச் சாம்பல் அரைப் பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. தோல் நழுவும்வரை கொதிக்கவிட்டு, தேய்த்துப் பலமுறை கழுவ வேண்டும். கழுவுவது குறைந்தால் சவுக்காரச் சுவை. அலுமினியப் பாத்திரம் கூடாது, சாம்பலின் காரத்தன்மை அதை அரிக்கும். வர்ணம் பூசிய மரத்தின் சாம்பலும் ஆகாது.

கேள்வி: குலத்துக்கு யார் தலைவர்? மகனுக்கா பதவி?

பதில்: மகனுக்கு இல்லை. ஆமை, ஓநாய், வான்கோழி எனக் குலங்கள் மூன்று; பிள்ளை தாயின் குலம். தலைவரின் மகன் வேறு குலத்தவன் ஆகிவிடுவதால், பதவி தம்பிக்கோ சகோதரியின் மகனுக்கோ போகும். ஒரே குலத்துக்குள் மணம் கிடையாது.

கேள்வி: மன்ஹாட்டனை 24 டாலர் மணிகளுக்கு விற்றார்களாமே?

பதில்: ஆதாரமாக இருப்பது 1626 நவம்பரில் டச்சுக்காரர் பீட்டர் ஸ்கேகன் எழுதிய கடிதம். அதில் 60 கில்டர் (டச்சு நாணயம்) மதிப்பு என்று மட்டும்தான் உள்ளது, மணி என்ற பேச்சே இல்லை. விற்பனைப் பத்திரமும் இன்று இல்லை. 24 டாலர் பிற்காலக் கணக்கு. நிலத்தைப் பயன்படுத்த இடம் கொடுப்பதும் அடியோடு கைவிடுவதும் லெனாப்பேக்களுக்கு ஒன்றல்ல.

கேள்வி: 1737 'நடை ஒப்பந்தம்' மோசடி என்கிறார்கள். எங்கே மோசடி?

பதில்: மூன்று இடத்தில். 1686இல் லெனாப்பேக்கள் ஒப்புக்கொண்டதாகச் சொல்லி, பென்சில்வேனியாவின் உரிமையாளர் குடும்பத்துத் தாமஸ் பென்னும் அவர்களுடைய அதிகாரி ஜேம்ஸ் லோகனும் ஒரு தாளைக் காட்டினார்கள்: ஒருவர் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை நிலம் பென் குடும்பத்துக்கு. அந்தத் தாளே சந்தேகத்துக்குரியது. அடுத்து, நடை. முன்கூட்டியே பாதை வெட்டி, மூன்று பேரை அமர்த்தி, செப்டம்பர் 19 அன்று ரைட்ஸ்டவுனிலிருந்து விரட்டினார்கள். இருவர் பாதியில் விழ, எட்வர்ட் மார்ஷல் மட்டும் சுமார் 100 கி.மீ. போனார். லெனாப்பேக்கள் நினைத்தது ஆற்றோரமாக, உட்கார்ந்து எழுந்து போகும் நடை.

பலரும் கவனிக்காதது மூன்றாவது. நடை முடிந்த இடத்திலிருந்து ஆற்றுக்கு நேர்கோடு போடாமல், செங்கோணத்தில் வடகிழக்கே கோடு இழுத்தார்கள். கால்நடையைவிட அந்தக் கோடுதான் பெரிய அநியாயம் என்பேன். போனது ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர். 1742இல் இரோகுவாக்கள் என்ற பழங்குடிக் கூட்டமைப்பைக் கொண்டே லெனாப்பேக்களை வெளியேறச் சொன்னார்கள். 2004இல் லெனாப்பே வழித்தோன்றல்களின் டெலவேர் நேஷன் தொடுத்த வழக்கும் தோற்றது. மோசடியே நடந்திருந்தாலும் உரிமை அன்றே அற்றுவிட்டது என்பது தீர்ப்பு.

கேள்வி: வாலம் ஓலும் என்ற, லெனாப்பேக்களின் பழைய வரலாற்றுச் சித்திர நூலை நம்பலாமா?

பதில்: கூடாது. 1836இல் ரஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர் வெளியிட்டது. புனைவு என்று 1990களில் ஆய்வாளர் டேவிட் ஆஸ்ட்ரைக்கர் நிறுவினார்.

கேள்வி: மொழியைக் கற்க முடியுமா?

பதில்: தெற்கே உனாமி, வடக்கே முன்சி என இரண்டு. ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. சொல் எடுத்தால் எதிலிருந்து என்று குறிக்க வேண்டும். உனாமியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசியானவர் எட்வர்ட் தாம்ப்சன், 2002இல் மறைந்தார். ஓக்லஹோமாவின் டெலவேர் பழங்குடியினர் (லெனாப்பேக்கள்) நடத்தும் இணையப் பேசும் அகராதியில் பேச்சாளர்களின் குரலிலேயே சொற்களைக் கேட்கலாம். எழுத்தைப் பார்த்து ஊகிக்காமல் முதலில் காதால் கேளுங்கள்.