டிஸ்க் நிரம்பிவிட்டதா? புதிது வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, மிச்சம் 3 ஜிபிதான். டி டிரைவில் 300 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. சர்வீஸ் செய்பவர் 'பெரிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளாலான டிஸ்க்) வாங்கிப் போட்டுவிடலாம்' என்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டுகளா (பார்ட்டிஷன்), தனித்தனி டிஸ்க்குகளா என்று முதலில் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகத் தெரியும். இரண்டு எழுத்தும் ஒரே வரிசையில் இருந்தால் டிஸ்க் ஒன்றுதான். அப்படியானால் இடம் உங்களிடமே இருக்கிறது, நடுச்சுவர்தான் தப்பான இடத்தில் எழும்பியிருக்கிறது.

அந்தச் சுவரை நகர்த்துவதில் ஒரு வில்லங்கம் உண்டு. டியைச் சுருக்கி சியை நீட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் இறங்குவார்கள். ஆனால் டியைச் சுருக்கினால் கிடைக்கும் காலி இடம் டியின் வலது ஓரத்தில் போய் விழும். சியை நீட்டவோ, காலி இடம் சிக்கு வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் டி நந்தி மாதிரி உட்கார்ந்திருப்பதால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கும். போதாக்குறைக்கு, புதிதாக நிறுவிய விண்டோஸ் 10, 11 பலவற்றில் சிக்குப் பின்னாலேயே சில நூறு எம்பியில் ஒரு ரெகவரி பார்ட்டிஷனும் இருக்கும். அதுவும் வழிமறிக்கும். ஜிபார்ட்டெட் போன்ற கருவியைப் பென்டிரைவிலிருந்து ஏற்றி இந்த பார்ட்டிஷன்களை வலப்பக்கம் தள்ளலாம். தள்ளிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருப்பது போய்விடும் வாய்ப்பு உண்டு. பேக்கப் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், சுவரை விட்டுவிட்டு சாமான்களை நகர்த்துங்கள் என்பேன். விஸ்ட்ரீ என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. எந்த ஃபோல்டர் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று ஓரிரு நிமிடத்தில் காட்டிவிடும். பெரும்பாலும் டவுன்லோட்ஸ், வீடியோக்கள், கேம்கள், ஃபோன் பேக்கப் இவைதான் குற்றவாளிகள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களில் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் 'லொக்கேஷன்' பகுதிக்குப் போய் அவற்றை அப்படியே டிக்கு மாற்றலாம். கேம்களையும் மறுபடி இறக்காமல் நகர்த்த ஸ்டீமிலேயே வசதி உண்டு. ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கணினியை அணைக்கும் வசதி) பயன்படுத்தாதவர் என்றால் அதை அணைத்துவிடுங்கள். அதன் ஃபைல் ரேமின் அளவில் சுமார் 40 சதவீதம் பிடித்துக்கொண்டிருக்கும், 16 ஜிபி ரேமுக்கு 6 ஜிபிக்கு மேல். (கூடவே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியும் போய்விடும், எஸ்எஸ்டியில் அதன் இழப்பு பெரிதாகத் தெரியாது.) விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' பெரிதாகத் தெரிகிறதே என்று அதை மட்டும் கையால் அழிக்கப் போகாதீர்கள். சிஸ்டம் எழுந்திருக்காமல் போகலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் சி மூச்சுத் திணறினால், அப்போது எஸ்எஸ்டி வாங்குங்கள்.

கேள்வி: 1 டிபி என்று போட்ட டிஸ்க் வாங்கினேன். விண்டோஸில் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 1 டிபி என்பதை 1,00,000 கோடி பைட் என்று, ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் அதையே 1,024ஆல் வகுத்துக்கொண்டே போய்க் காட்டுகிறது, அதனால் 931. பைட் ஒன்றுகூடக் குறையவில்லை. இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்கு 'கிபிபைட்' (KiB), 'மெபிபைட்' (MiB), 'ஜிபிபைட்' (GiB) என்று தனிப் பெயர்களே வைத்தது. மேக் 2009 முதல் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் முழு 1 டிபியாகத் தெரியும். விண்டோஸ் மட்டும் 1,024ஆல் வகுத்துவிட்டு இன்னமும் 'ஜிபி' என்றே போடுகிறது. வாங்கும்போது டிபிக்கு ஏறத்தாழ 70 ஜிபி குறைத்து மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் என் 4 டிபி டிஸ்க்? அதில் 2,048 ஜிபிதான் பயன்படுகிறது. மீதி 'அன்அலகேட்டட்' என்று கறுப்புக் கோட்டில் கிடக்கிறது, அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பதில்: இது அந்தக் கணக்கு இல்லை. டிஸ்க்கை எம்பிஆர் முறையில் (எந்த பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை அது) தொடங்கியிருக்கிறீர்கள். 1983இல் வந்த அந்தப் பழைய அட்டவணையில் இடத்தின் எண்ணை எழுத 32 பிட்தான் உண்டு. 512 பைட் துண்டுகளாக எண்ணினால் 2,048 ஜிபியோடு எண்கள் தீர்ந்துவிடும். டிஸ்க்கில் உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பார்ட்டிஷன்களை அழித்து, 'கன்வர்ட் டு ஜிபிடி' கொடுங்கள். (எம்பிஆருக்குப் பதிலாக வந்த புதிய அட்டவணை இது, அரட்டையடிக்கும் ஜிபிடி வேறு.) மாற்றிக் கொடுங்கள் என்று விற்றவரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம், டிஸ்க் நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: 32 ஜிபி பென்டிரைவில் 20 ஜிபி காலி. ஆனாலும் 6 ஜிபி வீடியோ ஒன்று ஏற மறுக்கிறது, ஃபைல் பெரிதாக இருக்கிறதாம். பென்டிரைவ் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை. அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. விண்டோஸ் 95 காலத்து அமைப்பு அது. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டால் விண்டோஸ், மேக், இன்றைய லினக்ஸ் மூன்றிலும் எழுதலாம், படிக்கலாம். பழைய டிவியும் கார் ஸ்டீரியோவும் எக்ஸ்ஃபேட்டைக் கண்டு விழிக்கலாம். அவற்றுக்காக ஒரு பழைய பென்டிரைவை ஃபேட்32ஆகவே விட்டுவையுங்கள். எப்போதும் டெஸ்க்டாப்பிலேயே இருக்கும் டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் வேண்டாம், என்டிஎஃப்எஸ்தான் சரி. என்ன எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. பாதியில் கரண்ட் போனாலும் தட்டுத்தடுமாறி எழுந்துவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு கிடையாது. அதனால்தான் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள் என்று வாய் ஓயாமல் சொல்கிறோம்.

கேள்வி: எட்டு வருட டெஸ்க்டாப், ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி நொடிக்கு 7,000 எம்பி என்கிறார்கள், சாட்டா எஸ்எஸ்டி 550தான் என்கிறார்கள். பதின்மடங்கு வேகத்தை விட்டுவிடலாமா?

பதில்: தாராளமாக விட்டுவிடலாம். (சாட்டா என்பது டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் பழைய முறை, என்விஎம்இ அதைவிட வேகமான புதிய முறை.) உங்கள் கணினி மெதுவாக இருப்பது எம்பி கணக்கால் இல்லை, தேடும் நேரத்தால். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அது தவிர ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை இப்படி ஓடி ஓடிப் பொறுக்குகிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. அந்தத் தாவல்தான் உங்களுக்குத் தெரியப்போகும் வித்தியாசம், அது சாட்டாவிலேயே கிடைத்துவிடும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும் அடுத்த தாவலை, பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டுபவர் உணர்வார். மின்னஞ்சலும் கணக்கு வழக்கும் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

என்விஎம்இதான் வேண்டும் என்றால் மதர்போர்டு கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். என்விஎம்இ பெரும்பாலும் எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவில் வரும். ஆனால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. எம்.2 வடிவில் சாட்டா எஸ்எஸ்டியும் விற்கிறார்கள். ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ செருகினால் கணினி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துபோகும். பழைய போர்டு என்விஎம்இயைக் கண்டுபிடித்தாலும் அதிலிருந்து பூட் ஆக மறுக்கலாம்.

ஆயுளைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். 1 டிபி எஸ்எஸ்டிகள் பலவற்றில் 600 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் போட்டிருக்கும். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் தினமும் 320 ஜிபிக்கு மேல். அவ்வளவு எழுத வீட்டில் யாருக்கு வேலை இருக்கிறது? அதைவிட, உள்ளே இருப்பது டிஎல்சியா (சில்லின் ஓர் அறையில் மூன்று பிட்) கியூஎல்சியா (நான்கு பிட்) என்று பாருங்கள். மலிவான கியூஎல்சி டிஸ்க்குகள் தொடக்கத்தில் பறக்கும். கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் பெரிய ஃபைல் நகலெடுக்கும் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழேகூட இறங்கிவிடும்.

கேள்வி: பேக்கப்புக்கு மட்டும் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று. சிஎம்ஆரில் தடங்கள் பக்கம் பக்கமாக இருக்கும், எஸ்எம்ஆரில் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓர் ஓடு மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். அதிக இடம் கிடைக்கும், ஆனால் திருத்தி எழுதுவதில் ஆமை. வாரம் ஒருமுறை நகலெடுத்து அலமாரியில் வைப்பதற்கு எஸ்எம்ஆர் போதும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டு அமைப்பதற்கு ஆகவே ஆகாது. அட்டைப்பெட்டியில் இதைப் போட மாட்டார்கள். நெட்வொர்க் சேமிப்புக்கென்று விற்ற டிஸ்க்குகளில்கூட எஸ்எம்ஆரைச் சொல்லாமல் நுழைத்தது 2020இல் வெளியே வந்து பெரிய சண்டையானது. அதன் பிறகுதான் முன்னணி நிறுவனங்கள் மாடல்வாரியாகப் பட்டியல் வெளியிட்டன. மாடல் எண்ணை வைத்து அந்தப் பட்டியலில் தேடிவிட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டியை பேக்கப் எடுத்து வருடக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரமே காட்டாமல் விட்டால் அதில் உள்ளது மெல்லக் கசியும்.

கேள்வி: 16 டிபி பென்டிரைவ் ஒன்று நம்ப முடியாத விலைக்கு வருகிறது.

பதில்: நம்பாதீர்கள். உள்ளே சில ஜிபிதான் இருக்கும், 16 டிபி என்று பொய் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். எழுதும்போது ஏறுவது போலக் காட்டும், திறந்து பார்த்தால் ஃபைல் இருக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் எஃப்3 போன்ற கருவியால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: நண்பரிடமிருந்து வாங்கி வந்த வெளி டிஸ்க்கைச் செருகியதும் 'பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்கிறது. உள்ளே அவருடைய புகைப்படங்கள் இருக்கின்றனவாம். என்ன செய்ய?

பதில்: 'கேன்சல்' கொடுங்கள். அவர் மேக் அல்லது லினக்ஸ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். மேக்கின் ஏபிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 இரண்டையும் விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது. தெரியாததை எல்லாம் காலி டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு இப்படித்தான் கேட்கும். அவரும் விண்டோஸ்தான் என்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே பேச்சு என்றால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'ரீஅலகேட்டட்' (கெட்டுப்போய் மாற்றப்பட்ட), 'பெண்டிங்' (கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் உள்ள) செக்டர் எண்ணிக்கைகளைப் பாருங்கள். பூஜ்யம் இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் பழுது பார்க்கும் கட்டளை எதையும் ஓட்டாதீர்கள், முதலில் முடிந்தவரை நகலெடுங்கள். 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிட்டு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

கேள்வி: பழைய டிஸ்க்கை விற்கப் போகிறேன். ஃபார்மேட் போதுமா?

பதில்: 'குயிக் ஃபார்மேட்' போதாது. அது பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிறது, பக்கங்கள் அப்படியே இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் 'குயிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடுங்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அப்போது முழு டிஸ்க்கையும் பூஜ்யத்தால் நிரப்புகிறது. சில மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளரின் மென்பொருளில் இருக்கும் 'செக்யூர் இரேஸ்' தான் சரியான வழி. தொடங்கும் முன் கணினியை அணைத்து மற்ற டிஸ்க்குகளின் கேபிள்களைக் கழற்றிவிடுங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 குழப்பத்தில் நானே ஒருமுறை தவறான டிஸ்க்கை அழித்திருக்கிறேன். விற்க வைத்திருந்தது பத்திரமாக இருந்தது.