'கியூ' என்பதற்குத் தமிழில் வேறு என்னென்ன சொற்கள் உண்டு? டெல்டா பக்கம் அன்றாடப் பேச்சில் எதை எங்கே சொல்வார்கள்?

கேட்டவர் வெளிமாநிலத்தில் வளர்ந்தவர், தஞ்சைப் பக்கத்தில் நடக்கும் கதை ஒன்று எழுதுகிறார், உரையாடலில் எல்லா இடத்திலும் 'வரிசை' என்றே போட்டால் செயற்கையாக இருக்கிறது என்கிறார். அவர் காதில் விழுவது சரிதான். நான் நீடாமங்கலம் பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சை வைத்துச் சொல்கிறேன்.

அகராதியில் வரிசை, நிரை, அணி, ஒழுங்கு, சாரை எல்லாம் வரும். இவற்றில் காத்திருக்கும் கூட்டத்துக்கு வாயில் வருவது வரிசை மட்டும். அதற்கும் முன்னால் வருவது கியூ. "ரேஷன் கடையில இப்பவே கியூ கட்டிட்டாங்க", "கியூ நவுரவே மாட்டேங்குது", "கியூ எதுவரைக்கும் நிக்குது?" கியூவுக்குக் 'கட்டுதல்' என்ற வினை எப்படி ஒட்டிக்கொண்டது பாருங்கள். அதைத் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம், கதையில் தயங்காமல் போடுங்கள். ரயில்வே கேட்டில் லாரி, டிராக்டர் நின்றால் பெரும்பாலும் லைன்: "கேட்டு போட்டுட்டான், வண்டியெல்லாம் லைன் கட்டி நிக்குது."

வரிசை பேச்சில் அதிகம் வருவது 'வரிசையா' என்றுதான். "வரிசையா வாங்கம்மா, எல்லாருக்கும் இருக்கு." அதாவது எப்படி வரவேண்டும் என்று சொல்ல. பெயர்ச்சொல்லாக அது கோயில் பலகையிலும் அறிவிப்பிலும் நிற்கும்: பொது தரிசன வரிசை, சிறப்பு தரிசன வரிசை. சனிக்கிழமை திருநள்ளாறு போய்விட்டு வந்தவர் வீட்டில் சொல்லும்போது பலகைச் சொல்லை விட்டுவிட்டு, "சரியான கியூ" என்றுதான் சொல்வார்.

சாரையைக் காத்திருப்போருக்குப் போடாதீர்கள். அது நகரும் கூட்டத்துக்கு உரியது. 2016 மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் மக்கள் சாரை சாரையாகக் குளத்துக்குப் போனார்கள் என்றால் சரி. சாரை சாரையாகக் காத்திருந்தார்கள் என்று எழுதினால் எனக்குக் காது கூசுகிறது. நிரை, அணி இரண்டும் எழுத்தோடு சரி.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பாதி இடங்களில் ஆட்கள் வரிசையாக நிற்கவே மாட்டார்கள். ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது எல்லாருக்கும் தெரியும். மாவு மில்லில் போய்ப் பாருங்கள். தூக்குவாளி, எவர்சில்வர் டப்பா, உரச்சாக்கில் தைத்த பை என்று தரையில் சாமான்தான் நிற்கும், சொந்தக்காரர்கள் வெளியே நிழலில் பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, "யாருங்க கடைசி?" ஒருவர் கையைத் தூக்கியதும் இவர் தன் டப்பாவை அதற்குப் பின்னால் வைத்துவிட்டு நிம்மதியாக நகர்ந்துவிடுவார். அந்த வரிசையும் அப்படியே நடக்காது. மிளகாய் அரைத்த கையோடு அதே மிஷினில் பச்சரிசியைக் கொட்ட முடியாது. அதனால் மில்காரர், "அரிசிக்காரங்க முன்னாடி வாங்க, மிளகாய், மல்லி எல்லாம் அப்புறம்" என்று தானே மாற்றி அடுக்குவார். யாரும் சண்டைக்கு வருவதில்லை. இதில் கியூ என்ற பேச்சே இல்லை. "என்னுது எப்பங்க?" "அந்தம்மாவுக்கு அடுத்தது உங்களுதுதான்."

டாக்டரிடம் போனால் டோக்கன். "எத்தனாவது ஓடுது?" என்று கேட்பார்கள். ஓடுவது நம்பர். இடத்தை விட்டுப் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம், "அத்தை, கொஞ்சம் இடம் பாத்துக்குங்க, இந்தா வந்துடுறேன்." இடையில் நுழைந்தவரை, "அண்ணே, நடுவுல பூராதீங்க, நாங்கல்லாம் நிக்கிறோம்ல." கோபத்திலும் அண்ணே போகாது. கதையில் இதைக் கவனித்து எழுதுங்கள்.

கல்யாண வீட்டில் சொல் பந்தி. "மொத பந்தி உக்காந்தாச்சா?", "ரெண்டாம் பந்தி ஓடுது", "கடைசிப் பந்தியில பாயசம் இல்ல." சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நிற்பதுதான் அங்கே கியூ. அதை யாரும் கியூ என்று சொல்லமாட்டார்கள், "இடம் புடிச்சிருக்கேன்" என்பார்கள். அதே கல்யாணத்தில் "வரிசை வந்துடுச்சா?" என்று யாராவது கேட்டால், சீர்வரிசைத் தட்டு வந்ததா என்று பொருள். வரிசைக்குத் தகுதி, மரியாதை என்ற பொருள் பழையது. "பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்" என்ற 528ஆம் குறளில் அவரவர் தகுதிக்கு ஏற்ப என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. தாய்மாமன் வரிசையில் அந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

என்னைக் கேட்டால் டெல்டாவின் சொந்தச் சொல் 'முறை'. மேட்டூரில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் ஜூன் 12இல் திறப்பது வழக்கம். குறைவான ஆண்டுகளில் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் நிறைய விடமுடியாது. முறை வைப்பார்கள். செய்தித்தாளில் அது முறைப்பாசனம், ஊரில் முறைத்தண்ணி. வெண்ணாற்றுக்கு முறை வந்தால், அது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்ற, தண்ணீரைப் பிரித்துவிடும் இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரியும். அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து வயலின் மடை. ஒவ்வொரு படியிலும் ஒரு முறை உண்டு. ராத்திரியில் முறை வந்தால் டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய் மடை திறக்கவேண்டும். விட்டுக்கொடுப்பதும் உண்டு. "சித்தப்பா, இன்னிக்கு என் முறையில நீங்க பாச்சிக்குங்க, உங்க முறை வரப்ப நான் பாத்துக்குறேன்." தலைமடைக்காரர் மடையை அடைக்க மறந்தால் கடைமடையில் பயிர் காயும். கடைமடையில் இருக்கும் வேதாரண்யம் பக்கத்துக்காரர்களிடம் இதைப் பேசிப் பாருங்கள், 'முறை' என்கிற சொல்லை எவ்வளவு கவலையோடு சொல்கிறார்கள் என்று தெரியும்.

அறுப்பு முடிந்தால் நெல்லின் காத்திருப்பு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நாங்கள் டிபிசி என்போம். அங்கே களத்தில் கொட்டிய நெல்லுக்கு வினை 'கிடத்தல்'. "நம்ம நெல்லு இன்னும் டிபிசியிலதான் கிடக்கு." ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது வழக்கமான வரம்பு. மழையில் படுதாவை மீறி நனைந்துவிட்டால், முறை வந்தாலும் மறுபடி காயப்போட வேண்டும். எடை போட்டு 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கும் வரைக்கும் வீட்டில் ஒரே கேள்வி: "புடிச்சாச்சா?"

ஆகவே உங்கள் கதையில் விவசாயி ஒருவர் தண்ணீருக்குக் காத்திருந்தால் 'வரிசையில் நிற்கிறோம்' என்று அவரைப் பேசவிடாதீர்கள். "எங்களுக்கு இன்னும் முறை வரலீங்க" என்பார். அவரே மறுநாள் உரக்கடையில் நின்றால், "ஒரே கியூவா இருக்கு, யூரியா கெடைக்குமான்னு தெரியல" என்பார்.