உங்கள் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் புறநகரான லா கூர்நெவிலிருந்து கிரூஸ் மாவட்டத்துக்கு வந்தோம். கெரே நகரிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு பழைய கல்வீடு. கணவர் சுயதொழிலாக டைல்ஸ் பதிக்கிறார், பெயின்ட் அடிக்கிறார். தொலைபேசியில் பேசுவது, தெவி என்ற விலை மதிப்பீடு எழுதுவது, பில் போடுவது, சமூகக் காப்பீட்டுப் பணம் வசூலிக்கும் உர்சாஃபுக்குக் கணக்குக் காட்டுவது எல்லாம் நான்தான். சனிக்கிழமைகளில் சந்தையில் வடையும் ரோல்ஸும் விற்கிறேன். அதுவும் அவருடைய பதிவில்தான். குளிர்காலத்தில் வேலை நின்றுவிடுகிறது, கட்டவேண்டிய காசு மட்டும் நிற்பதில்லை. பேச ஒரு தமிழ்க் குரல் இல்லை. சென்ற மாதம் மகளின் பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘வேலை இல்லை’ என்று எழுதினேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பாரிஸுக்கே போய்விடலாம் என்கிறேன். அவர் பொறு என்கிறார். என் ஆசை தவறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிரூஸ்

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஆசை தவறே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பள்ளிப் படிவம்தான். ஒரு தொழிலின் எழுத்து வேலை முழுவதையும் சுமக்கிறவர், சனிக்கிழமை விடியுமுன் எழுந்து எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கிறவர், தன்னை ‘வேலை இல்லை’ என்று எழுதியிருக்கிறார். நீங்கள் பொய் எழுதவில்லை. பிரெஞ்சு அரசின் தாள்களில் இன்று உங்கள் நிலை அதுதான். அதனால் போவதா இருப்பதா என்பதைப் பிறகு பேசுவோம்.

என் கதையைச் சொல்கிறேன். நானும் கணவரும் இந்த நாட்டில் ஒரு சிறு நகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தோம். 11 ஆண்டுகள் கல்லாவில் நான்தான் இருந்தேன். நம் கடைதானே, நமக்குள் என்ன கணக்கு என்று இருந்துவிட்டேன். 58 வயதில் என் ஓய்வூதியக் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தபோது அந்த 11 ஆண்டுகளுக்கு நேராக ஒன்றுமே இல்லை. கணவருடைய தாளில் ஒவ்வொரு காலாண்டும் பதிவாகியிருந்தது. அவர் என்னை ஏமாற்றவில்லை. எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. அன்று நான் அழுததை அவர் இன்றும் மறக்கவில்லை. உங்களுக்கு அந்த நாள் வரக்கூடாது.

கணவரின் தொழிலில் ஒழுங்காகப் பங்கெடுக்கும் மனைவிக்கு ஒரு நிலை இருந்தே ஆக வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்கிறது. கணவர் தனி ஆளாகத் தொழில் செய்கிறார் என்றால் இரண்டு வழிகள்: ஒன்று, சம்பளம் வாங்கும் பணியாளர், மற்றது ‘கொன்ஜுவான் கொலாபொராத்தர்’, அதாவது சம்பளம் இல்லாமல் ஆனால் பதிவோடு உடனுழைக்கும் துணை. எதையும் அறிவிக்காமல் விட்டால் மனைவி சம்பளப் பணியாளராகவே கருதப்படுவார் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். அப்படி ஒரு நாள் யாராவது வந்து பார்த்தால் சிக்கல் உங்கள் கணவருக்குத்தான். இதை அவரிடம் சொல்லுங்கள். உரிமை என்று தொடங்கினால் முகம் சுருங்கும் ஆண்களும், தொழிலுக்கு ஆபத்து என்றால் நிமிர்ந்து கேட்பார்கள்.

உடனுழைக்கும் துணை என்று பதிந்தால் உங்கள் பெயரில் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்புக் கட்ட வேண்டியிருக்கும். கையில் காசு இல்லாத வீட்டில் இது இன்னொரு சுமையாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காசு உங்கள் ஓய்வூதியத்துக்குப் போகிறது. 2022 முதல் இந்த நிலையில் மொத்தம் ஐந்து ஆண்டுகள்தான் இருக்கலாம். அதற்குள் அடுத்த படியை யோசிக்க வேண்டும்.

உங்களுக்கான அடுத்த படி அந்த வடைச் சட்டியில் இருக்கிறது என்பது என் எண்ணம். சந்தை வியாபாரத்தை உங்கள் பெயரிலேயே ஒரு மைக்ரோ தொழிலாக, அதாவது சிறு தொழிலுக்கான எளிய முறையில், பதியலாம். ஒரு வீட்டில் இருவருக்கு இரண்டு பதிவுகள் இருப்பதில் தடை இல்லை. 2023 முதல் எல்லாப் பதிவும் ஒரே இணைய வாசலில்தான். முதலில் ஒன்றைப் பாருங்கள்: டைல்ஸ் வேலைக்கென்று பதிந்த உங்கள் கணவரின் பதிவில் உணவு விற்பனை சேர்க்கப்பட்டிருக்கிறதா? சேர்க்காமல் விற்றுக்கொண்டிருந்தால், ஒருவருக்கு வயிறு கெட்டாலும் காப்பீடு கைகொடுக்காது. உங்கள் கிராமத்துக்கு வெளியே உள்ள சந்தையில் விற்பதற்கு நடமாடும் வியாபாரிகளுக்கான அட்டை தேவை. சமைத்த உணவு என்பதால் 14 மணி நேரச் சுகாதாரப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். கெரேயில் உள்ள கைத்தொழில் சபையிலும் பிரான்ஸ் சேவை மையத்திலும் உட்கார்ந்து விளக்குவார்கள். தாள்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை கதவு பூட்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

இனி அந்தக் குளிர்காலம். நீங்கள் காலாண்டுக்கு ஒரு முறை கணக்குக் காட்டுகிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன். அப்படியானால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததற்கான பங்களிப்பு ஜனவரிக் கடைசியில் வந்து நிற்கும். இலையுதிர்கால வேலையின் காசு கிறிஸ்துமஸுக்குள் விறகுக்கும் டீசலுக்கும் போயிருக்கும். அதற்கு முன்பே டிசம்பர் 15இல் தொழில் இட வரி. பெப்ரவரியில் கல்வீட்டின் சுவர் குளிரைக் கக்கிக்கொண்டிருக்கும்போது கணக்கில் ஒன்றும் இருக்காது. உங்கள் கணவரின் உழைப்பில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காசு வரும் மாதமும் போகும் மாதமும் விலகிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை கணக்குக் காட்டும் முறைக்கு மாறுங்கள். உர்சாஃபில் எழுதிக் கேட்டால் மாற்றித் தருவார்கள். ஒன்றும் சம்பாதிக்காத மாதத்திலும் பூச்சியம் என்று காட்டியே ஆக வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பில்லுக்கும் காசு வந்த அன்றே நூற்றுக்கு 25 யூரோவைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கைவேலைக்குப் பங்களிப்பு 21.2 விழுக்காடு, மிச்சம் டிசம்பருக்கு.

இன்னொன்று, இதில் பலர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். மைக்ரோ தொழிலில் பங்களிப்பு லாபத்தின் மேல் இல்லை, வாங்கிய மொத்தத் தொகையின் மேல். 600 யூரோவுக்கு டைல்ஸ் வாங்கிக் கொடுத்து, கூலி 400 சேர்த்து 1,000 யூரோவுக்கு பில் போட்டால், அந்த 600க்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். வாடிக்கையாளரையே கடையில் டைல்ஸ் வாங்கச் சொல்லுங்கள், நீங்கள் கூலிக்கு மட்டும் பில் போடுங்கள். தெவி எழுதுவது நீங்கள் என்பதால் இந்த மாற்றம் உங்கள் கையில்தான் இருக்கிறது. செய்த கட்டட வேலைக்குப் பத்தாண்டு வரை பொறுப்பேற்கும் காப்பீட்டின் விவரம் தெவியிலும் பில்லிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தனிமை பற்றி. இதற்குப் படிவமும் இல்லை, அலுவலகமும் இல்லை. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கறிவேப்பிலை வாங்கப் போனாலே நான்கு பேரோடு பேசிவிட்டு வரலாம். உங்கள் ஊரில் பேக்கரி வண்டி வரும் நாளைத் தவிரத் தெருவில் ஆள் இருக்காது. அந்த அமைதி உங்களை வெறுப்பதாக எண்ணாதீர்கள். நீங்கள் வாழ்வது பிழைப்புக்காக ஊர் விட்டுப் போனவர்களின் மண். கிரூஸின் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாக வசந்தத்தில் பாரிஸுக்கு நடந்தே போய்க் கட்டட வேலை செய்து, குளிர் தொடங்கும்போது ஊர் திரும்பினார்கள். மார்த்தின் நதோ என்ற சிறுவன் 1830இல் 14 வயதில் தந்தையோடு அப்படி நடந்து போனவன். 1849இல் நாடாளுமன்ற உறுப்பினரானான். ஆண்கள் பாரிஸில் கல் அடுக்கிய மாதங்களில் நிலத்தையும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்தவர்கள் பெண்கள். எந்தத் தாளிலும் பெயர் இல்லாமல் உழைத்த அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்திகள்தான் சந்தையில் உங்களிடம் வடை வாங்குகிறார்கள். சந்தையில் பக்கத்துக் கடைக்காரப் பெண்மணியிடம் அவர் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிரெஞ்சு தடுமாறினாலும் பரவாயில்லை, அவர் பேசுவார். கிராமத்து ஊர்ச் சங்கம் மண்டபத்தில் விருந்து வைக்கும்போது ஒரு தட்டு ரோல்ஸோடு போங்கள். அன்று காசு வாங்காதீர்கள்.

உங்கள் கணவரிடம் இதையெல்லாம் வேனில் போகும்போதோ இரவு பதினொரு மணிக்கோ பேசாதீர்கள். ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்ட பிறகு, மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துப் பேசுங்கள். பொறு என்று சொல்லும் மனிதருக்கும் உள்ளே பயம் இருக்கும். எண்களைப் பார்த்தால் அவருக்கும் மூச்சு வரும்.

பாரிஸுக்குத் திரும்புவதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெப்ரவரியில் கிரூஸை விட்டு ஓடத் தோன்றாத ஆள் இருக்க மாட்டார். ஒன்று மட்டும்: இப்போது பதிவில்லாமல் திரும்பினால் இந்த நான்கு ஆண்டு உழைப்பைக் காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. முதலில் பதியுங்கள். ஜூன் மாதம் வரை வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். டைல்ஸ் கணக்கு ஒரு பக்கம், சந்தைக் கணக்கு எதிர்ப்பக்கம். பிறகு எனக்கு எழுதுங்கள். அந்த நோட்டின் பக்கங்களையும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.